பேரம் பேசாமல் வாங்கிய கொப்பரை

போன வருஷம் கோடை வரைக்கும், மேவிஸ் கிராப்ட்ரீ ஒரு சாமானுக்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் வட இங்கிலாந்தின் டாட்மார்டன் சந்தையே சிரித்திருக்கும். துணித்துண்டு வியாபாரியின் மகள் அவள். கடைப்பலகைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். பல் டாக்டரிடம் பேரம் பேசியிருக்கிறாள். பிரசங்கத்தைப் பாதியாக்கினால் கல்யாணக் கட்டணம் எவ்வளவு குறையும் என்று பாதிரியாரிடமே கேட்டிருக்கிறாள். அந்தக் கல்யாணம் முறிந்து புருஷன் பெட்டியோடு கிளம்பியபோது, "டீவியை வச்சிட்டுப் போ, நான் அழாம இருக்கேன்" என்று வாசலிலேயே விவகாரத்தை முடித்தவள்.

அப்படிப்பட்டவள் அந்த அக்டோபர் வியாழக்கிழமை, பழைய சாமான் சந்தையில், கிளெம் பாரக்ளோவின் கடை முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாள்.

கிளெம் பழைய இரும்பு விற்பவன். அவன் கடையும் மேவிஸின் அப்பா கடையும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை.

"வா தாயி," என்றான். "என்ன வேணும்? துருவா, துரு இல்லாததா? துருன்னா விலை ஜாஸ்தி. அதைப் பழமைன்னு சொல்றானுங்க இப்ப."

மேவிஸ் கையை நீட்டிக் காட்டினாள். கரி அள்ளும் கரண்டிகளுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு வார்ப்பிரும்புக் கொப்பரை உட்கார்ந்திருந்தது. குட்டையாக மூன்று கால். வாயை விட வயிறு பெரிது. தூக்குவதற்கு வளைந்த கைப்பிடி. அடுப்புக்குப் பூசும் கறுப்பு மையை ஏற்றித் தேய்த்து, சவ ஊர்வலக் கார் மாதிரி பளபளக்க வைத்திருந்தான் கிளெம்.

"ஓ, இந்த அம்மணியா?" என்று கண்ணடித்தான். "தொண்ணூறு பவுண்டு."

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தான். அந்தத் தொண்ணூறு நிஜமான தொண்ணூறு இல்லை. அது கதவைத் திறந்து 'உள்ளே வா' என்று கூப்பிடுகிற தொண்ணூறு. இனி மேவிஸ் 'திருட்டுப் பயலே' என்று ஆரம்பிக்க வேண்டும். விரல் முட்டியை மடக்கிக் கொப்பரையின் விலாவில் தட்ட வேண்டும். நல்ல இரும்பு மணி போல நீட்டிப் பாடும். கீறல் விட்ட இரும்பு மரப்பெட்டி மாதிரி 'தொப்' என்று நிறுத்திவிடும். பிறகு அவள் காலைக் குறை சொல்ல, இவன் வயிற்றைப் புகழ, அவள் போவது போல நாலு அடி வைக்க, இவன் பின்னாலேயே கத்த, கடைசியில் இரண்டு பேரும் சந்தோஷமாக ஏமாந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு பிரிய வேண்டும்.

சந்தையை அறியாதவர்கள் பேரம் விலையைக் குறைப்பதற்கு என்று நினைக்கிறார்கள். பேரத்தில்தான் சாமானின் வண்டவாளம் வெளியே வரும். விலை இறங்க இறங்க, விற்கிறவன் வாயிலிருந்து உண்மை ஒவ்வொன்றாகக் கழலும். கேட்ட விலையைக் கொடுப்பவனுக்கு யாரும் உண்மையைச் சேர்த்துக் கட்டித் தருவதில்லை.

மேவிஸின் வலது கை தானாகவே மடங்கி உயர்ந்தது. அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டு அடக்கினாள்.

"என்ன, தொண்டை கட்டிடுச்சா?"

"இல்ல."

"அப்ப திட்டு தாயி. எனக்கு டீ நேரம் ஆவுது."

"கட்டிக் கொடு."

"என்னத்தைக் கட்டிக் கொடு?"

"கொப்பரையை. தொண்ணூறு தானே சொன்னே? இந்தா."

கிளெம் நோட்டுகளை வாங்கி, எரிகிற கரித்துண்டு போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டான். அவளை ஏறிட்டுப் பார்த்தான். "ஒடம்புக்கு ஏதாவது...? ஏ மேவிஸ், இதை எதுக்கு வாங்கறே? தோட்டத்துல பூச்செடி வைக்கத்தானே?"

"கட்டிக் கொடுய்யா."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒரு தம்பதி சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இது ஓடுமா என்று கேட்டார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பி, ஓடும் என்று சத்தியம் செய்தான். மேவிஸ் கொப்பரையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தாள். சின்னக் குழந்தையின் கனம் இருந்தது அது.

அவள் பேரம் பேசாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரியும். ரோசலின்ட் போட்ட விதி.

ரோசலின்ட் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தெற்கிலிருந்து வந்து குடியேறியவள், விக்கா என்னும் இயற்கை வழிபாட்டுக் குழுவின் தலைமைப் பூசாரி. சூனியக்காரிகள் என்றுதான் அவர்கள் தங்களையே சொல்லிக்கொள்வார்கள். யாருக்கும் சூனியம் வைத்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பௌர்ணமிக்குக் கூடுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், நான்கு திசைகளையும் மரியாதையாக அழைப்பார்கள், அப்புறம் டீயும் இஞ்சி போட்ட பார்க்கின் கேக்கும். ஒரு காலத்தில் கூடம் நிறைந்த குழு. இப்போது ரோசலின்ட், அவள் புருஷன் ட்ரெவர், பஸ் ஓட்டும் பெவ், மேவிஸ். குழு வைத்திருந்த பழைய கொப்பரைக்குச் சொந்தக்காரி செத்ததும் அவள் தங்கை மகன் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். அக்டோபர் கடைசியில் வரும் சௌவின் பண்டிகைக்குள் வேறு வாங்கியாக வேண்டும். அன்றைக்குத்தான் செத்தவர்களுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற திரை நைந்துபோகும். கொப்பரையில் சுடரேற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள்.

"மூணு கால் இருக்கணும். வார்ப்பிரும்பா இருக்கணும். பழசா இருந்தா விசேஷம்," என்று ரோசலின்ட் சொல்லியிருந்தாள். "முக்கியமா, சடங்குச் சாமானுக்குப் பேரம் பேசவே கூடாது. கேட்டதைக் கொடுத்துட்டு வந்துடணும். பேரம் பேசினா அந்தச் சாமான் உங்களை மதிக்காது, மேவிஸ்."

"மேவிஸையா அனுப்பறே?" என்று ட்ரெவர் சிரித்தான். "அதுக்குப் பூனையை மீன் கடைக்கு அனுப்பலாம்."

"நானே போறேன்," என்றாள் மேவிஸ். "எனக்காகத்தானே இது."

இரண்டாவது காரணம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஒரே மகன், கிரெய்க். தாயும் மகனும் ஒருவரையொருவர் கொஞ்சியதே கிடையாது, பேரம்தான் பேசினார்கள். 'ரெண்டு முட்டை வேணும்னா குப்பையைக் கொண்டு போ.' 'குப்பைக்கு மூணு முட்டை, அதுதான் ஊர் விலை.' அந்த வீட்டில் பாசத்துக்கு அதுதான் பாஷை. போன வருஷம் கோடையில், தார் உருகிய ஒரு மத்தியானம், மேட்டின் மேலே இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு வேனில் கொண்டுவிடச் சொன்னான். நண்பர்கள் காத்திருக்கிறார்களாம்.

"வேனைக் கழுவு, கொண்டு விடறேன்."

"சரி, கழுவறேன்."

"வீட்டு ஜன்னலையும்."

"கட்டுப்படியாகாது தாயே, நான் நடந்தே போறேன்," என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஏற்றம் முழுக்க வெயிலில் நடந்தான். போன சூட்டில், வேர்த்த உடம்போடு அப்படியே குதித்தான். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தத் தண்ணீர் பாறைக்கு அடியில் இருக்கிற தண்ணீர் மாதிரி விறைக்க வைக்கும் குளிர். சூடான உடம்பை அது ஒரே பிடியில் நிறுத்திவிடும். நல்ல நீச்சல்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். நீந்துவதற்கே அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வேனில் போயிருந்தால் உடம்பு ஆறியிருக்கும். ஜன்னலைச் சேர்க்காமல் இருந்திருந்தால் வேனில் போயிருப்பான். மேவிஸ் அன்றிலிருந்து பேரம் பேசவில்லை. ரொட்டிக்காரன் சொன்னதைக் கொடுத்தாள், மீன்காரன் சொன்னதைக் கொடுத்தாள். பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று சந்தை நினைத்தது. கொஞ்சம் விலையையும் ஏற்றிக்கொண்டது. அவன் பெயரையும் அவள் வாயால் சொல்லவில்லை. 'என் பையன்' என்பாள். பெயரைச் சௌவினுக்கென்று வைத்திருந்தாள். அவன் ஒரு தடவை வர வேண்டும். அந்த ஜன்னல்களால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு மேல் இந்த உலகத்தில் அவளுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோசலின்ட் சொன்னபடி கொப்பரையைப் பக்குவப்படுத்த ஆரம்பித்தாள். கம்பி நாரால் மையைத் தேய்த்தாள். உப்புத் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி வைத்தாள். காலையில் பார்த்தால் செய்தித்தாளில், ஒரு காலுக்குப் பக்கத்தில், கை அகலத்துக்கு ஈரம்.

மேவிஸ் குனிந்து பார்த்தாள். அந்தக் காலின் அடியில் தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. அப்பா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் திருப்பிக் கொண்டுபோய் வீசச் சொல்லியிருப்பார். அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் திருப்பிக் கொண்டு போவது என்றால் குறை சொல்ல வேண்டும். குறை சொல்வது பேரத்தின் முதல் படி. ஊற்றும்போது தண்ணீர் வெளியே தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கொப்பரையைத் துடைத்து, உள்ளும் புறமும் ஆளிவிதை எண்ணெய் தடவி, ஓவனில் மெதுவாகச் சுட்டு எடுத்தாள். எண்ணெய் கோட்டுக்குள் இறங்கிக் காய்ந்ததும் கோடு மறைந்துவிட்டது. மறைத்தது எண்ணெய்தான், தான் இல்லை என்று இருந்தது அவளுக்கு.

சௌவின் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தோப்பில் வைத்திருந்த சடங்கு ரோசலின்ட் வீட்டு முன்னறைக்கு மாறியது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சோபாவைச் சுவரோரம் தள்ளி, நடுவில் பலகைக்கல் வைத்து, அதன் மேல் கொப்பரையை வைத்தார்கள். ட்ரெவர் கறுப்பு அங்கிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிழக்குத் திசைக்குக் காவல் நின்றான். பெவ் பஸ் சீருடையின் மேலேயே அங்கியைப் போட்டிருந்தாள்.

"ட்ரெவர், உன் அங்கி மேலே ஏறியிருக்கு. காலுறை தெரியுது," என்றாள் பெவ். "செத்தவங்க பயந்து திரும்பிடுவாங்க."

"அவங்க இதை விட மோசமானதெல்லாம் பார்த்திருப்பாங்க கண்ணு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் ரோசலின்ட்.

வருகிறவனுக்கு ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் ஒரு தட்டில் கேக், ஒரு டம்ளர் பியர். மேவிஸ் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தாள். கிரெய்க்கின் நீலக் குல்லாய். கோடையில் போட மாட்டான் என்பதால் அன்றைக்குக் கொக்கியில் தொங்கியபடி தப்பித்தது. துவைக்காமல் வைத்திருந்தாள். உறைக்குள் அவன் தலையின் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. அது தீர்ந்துவிடும் என்று பயந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் திறப்பாள். அதைக் கொப்பரையின் காலடியில் வைத்தாள்.

ரோசலின்ட் கொப்பரைக்குள் எப்சம் உப்பைக் கொட்டி, அது மூழ்க ஸ்பிரிட் ஊற்றினாள். வீட்டுக்குள் கொளுத்தினாலும் புகை வராத நெருப்பு அது. வட்டம் போட்டாள். திசைகளைக் கூப்பிட்டாள். நீளத் தீக்குச்சியைக் கிழித்து உள்ளே காட்டினாள். நீலமாக ஒரு சுடர் சத்தமில்லாமல் எழுந்து, கொப்பரையின் வாயை நிறைத்துக்கொண்டு நின்றது.

"இப்போ சொல்லுங்க மேவிஸ். பேரைச் சொல்லுங்க."

மேவிஸ் சுடரைப் பார்த்தாள். தொண்டை திறந்தது.

"கிரெய்க்," என்றாள். "கிரெய்க். அம்மாடா."

சுடர் நின்றது. நீலத்தின் ஓரத்தில் மஞ்சள் ஏறியது. அவள் காத்திருந்தாள். கண் கொட்டாமல், மூச்சு விடாமல், அவள் வாழ்நாளில் எதற்கும் காத்திராதபடி காத்திருந்தாள். சந்தையில் வளர்ந்த கை, பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே சாமான் இருக்கிறதா என்று சொல்லிவிடும். அந்தச் சுடரைக் கண்ணால் தூக்கிப் பார்த்தாள் அவள். உப்பு எரிந்தது, ஸ்பிரிட் எரிந்தது. வேறு ஒன்றுமில்லை. மழை ஜன்னலில் அடித்தது. நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதும் இல்லை. அது அவளுக்கு முழுசாகப் புரிந்து முடிந்த பிறகும் சுடர் நிதானமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் 'டக்' என்று ஒரு சத்தம். காய்ந்த கட்டை முறிகிற மாதிரி. கொப்பரையின் ஒரு கால் விலகியது. அடியிலிருந்து நீல நெருப்பு தண்ணீர் போல வழிந்து, பலகைக்கல்லின் மேல் ஓடி, குல்லாயை நனைத்தது.

"ட்ரெவர்! மூடி! மூடி!"

ட்ரெவர் மூடியைத் தேடிக் கொப்பரை மேல் போட்டான். பெவ் தரைவிரிப்பை இழுத்து வழிந்த நெருப்பின் மேல் அமுக்கினாள். திரைச்சீலையின் ஓரம் கருகியது. ட்ரெவரின் அங்கி முழங்கால் வரை எரிந்துபோயிற்று. மேவிஸ் அசையவில்லை. குல்லாய் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆட்டுக் கம்பளியாக இருந்தால் ஓரம் கருகித் தப்பித்திருக்கும். அது செயற்கை நூல். சுருங்கி, உருகி, தார்த்துளி போலக் கல்லில் ஒட்டிக்கொண்டது. கம்பளிக் குல்லாயும் அதே கடையில்தான் தொங்கியது. பேரம் பேசி இதை மலிவாக முடித்தவள் அவள்தான்.

வாசனைக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்றம்.

"வந்துட்டு இருந்தான்!" ரோசலின்ட் அவள் தோள்களைப் பிடித்து அழுதாள். "நீங்க கூப்பிட்டதும் கால்ல ஜில்லுனு காத்து பட்டுதே, உங்களுக்குத் தெரியலையா? கதவு வரைக்கும் வந்துட்டான் மேவிஸ். அந்த இரும்பு வெடிக்காம இருந்திருந்தா...!"

ஜில்லென்ற காற்று கதவுக்கு அடியில் இருக்கும் சந்திலிருந்து வந்தது. மேவிஸ் அதன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"எனக்கும் பட்டுது," என்றாள் பெவ்.

"எனக்குப் புல்லரிச்சுது," என்றான் ட்ரெவர், வெந்த முழங்காலைத் தடவியபடி.

மேவிஸ் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஆமா," என்றாள். "வந்துட்டுத்தான் இருந்தான்."

அடுத்த வியாழக்கிழமை கொப்பரையைச் சாக்கில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். உடைந்த காலைத் தனியாகக் கோட்டுப் பையில் போட்டிருந்தாள். சேதி அவளுக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் கிளெம் தொப்பியைக் கழற்றினான்.

"அதுக்குள்ள நெருப்பு வைப்பேன்னு எனக்கென்ன தெரியும்?" என்றான், அவள் கேட்காமலே. "கால்கிட்ட கீறல் இருந்துது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை 'ஜாஸ்தி'ன்னு சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனே! 'கீறல் விட்டது, செடி வைக்கத்தான் லாயக்கு, முப்பது குடு'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா? உங்கப்பன் பொண்ணு நீ, ரொட்டி மீன் எப்படியோ, இரும்பைத் தட்டாம வாங்குவேன்னு நான் கனவுலயும் நினைக்கல. சாமி சத்தியமா, ராத்திரி தூக்கமே இல்ல மேவிஸ். உன் பையன் கதவு வரைக்கும் வந்து திரும்பிட்டான்னு ஊரே சொல்லுது. என்னாலதான்."

மேவிஸ் சாக்கை அவிழ்த்துக் கொப்பரையைக் கடைப்பலகையில் வைத்தாள். ஒரு வார்த்தையில் அந்தக் கிழவனின் சுமையை இறக்கியிருக்கலாம். அந்த வார்த்தை அவளிடம் இருந்தது. 'கொப்பரை முழுசா இருந்தப்பவே பார்த்தேன் கிளெம், யாரும் இல்ல' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அது அவள் காதிலும் விழும்.

கிளெம் கடைக்குப் பின்னால் போய் இன்னொரு கொப்பரையைத் தூக்கி வந்தான். மை பூசாதது. சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, மூன்று காலும் தரையைச் சமமாக மிதித்து நின்றது.

"இதை எடுத்துக்க. காசு வேணாம். தட்டிப் பாரு, தட்டு."

இந்தத் தடவை அவள் கையைப் பைக்குள் போடவில்லை. முட்டியை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். கொப்பரை பாடியது. துணிக்கடை வரைக்கும் கேட்டது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒலி மெலிந்து, இழை போல ஆகி, சந்தை இரைச்சலில் கரைந்து போகும் வரை மேவிஸ் காது கொடுத்து நின்றாள். ஒரு குறையும் இல்லை. அப்பா இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அடுத்த சௌவினுக்கு இதில் சுடர் ஏற்றலாம். இது வெடிக்காது. உப்பும் ஸ்பிரிட்டும் தீர்கிற வரைக்கும் நிதானமாக எரியும். எரிந்து அணையும். அப்புறம் ரோசலின்ட் அவளைப் பார்ப்பாள். பெவ் பார்ப்பாள். அவன் ஏன் வரவில்லை என்பதற்குக் கை நீட்டிக் காட்ட அந்த அறையில் ஒரு கீறல் கூட இருக்காது.

"வேணாம்," என்றாள்.

"ஏன் தாயி? சும்மாதானே தரேன். எம் மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

"என்னோடதையே குடு."

"அதை வச்சு என்ன பண்ணுவே? தண்ணிகூட நிக்காது."

"கட்டிக் குடுய்யா."

அவள் குரலில் இருந்த எதையோ கேட்டு கிளெம் வாதாடவில்லை. சாக்கைத் திரும்ப முடிந்து கொடுத்தான். முடிச்சு அவனுக்கு இரண்டு தடவை நழுவியது. அவள் அதையும் பார்த்தாள், சாக்கை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் சாக்கின் வாயை எட்டிப் பார்த்தார்.

"பழைய கொப்பரை போல இருக்கே. என்ன குடுத்தீங்க?"

"தொண்ணூறு."

கிழவர் விரலை மடக்கிச் சாக்கின் மேலேயே ஒரு தட்டுத் தட்டினார். 'தொப்' என்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா ஏமாத்திட்டான் கண்ணு, உங்களை."

"ஆமா," என்றாள் மேவிஸ். "அவன்தான் ஏமாத்திட்டான்." சாக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.